மிதவைக்கு இந்தப் பக்கம்

ஈரத் துண்டை முறுக்கி இங்கோல்ஃப் இரண்டாவது முறை ஓங்கியபோது அடி மனைவி ரோஸ்வித்தாவின் மேல் விழவில்லை. நடுவில் புகுந்த மகன் கெர்னோட் துண்டைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் கிட்டே வந்த அப்பாவின் வாயிலேயே ஒரு குத்து விட்டான். பிறந்ததிலிருந்து வாங்கியே பழகியவன் திருப்பிக் கொடுத்த முதல் அடி அது. கிழவர் தள்ளாடிப்போய் கேரவன் படியில் உட்கார்ந்தார். உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது.

மகள் வீப்கே உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். ஐயோ, தம்பி கைநீட்டிவிட்டானே என்று பதறியது. இன்னொன்று போடேன்டா என்று கத்தவும் தோன்றியது.

"உங்கம்மா தலையைப் பாருடா! ஈரம் சொட்டுது! எனக்கு முன்னாடி தண்ணியில இறங்கியிருக்கா!" என்றார் இங்கோல்ஃப்.

"இறங்கினா என்ன? ஏரியை உங்க பேர்ல எழுதி வச்சிருக்கா?"

"கேட்கிறான் பாரு கேள்வி! இவளுக்கு எத்தனை கொழுப்பு இருந்தா, நனைஞ்ச துண்டை எனக்கு எதிர்லயே காயப்போடுவா?"

கிராபோ ஏரிக்கரையில் கேரவனை நிரந்தரமாக நிறுத்தி, சுற்றி வேலி போட்டு, பூந்தொட்டி வைத்து வாழும் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மே முதல் தேதி, கூட்டத்திலேயே மூத்த ஆண் சிவப்பு மிதவை வரை நீந்திப்போய், அதைத் தொட்டு, கையைத் தூக்க வேண்டும். அதுவரை ஒருவரும் கால் நனைக்கக் கூடாது. கை உயர்ந்ததும் கரையே கூச்சல் போட்டுக்கொண்டு, பாதிப் பேர் உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல், குளிர்ந்த தண்ணீரில் குதிக்கும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. புல் எத்தனை உயரம் வளரலாம், வேலிக்கு என்ன சாயம் அடிக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டம் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கேள்வி கேட்பார்களா? சில வருடங்களாக அந்த மூத்தவர் இங்கோல்ஃப்தான். மற்ற நாளில் அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. அன்று ஒருநாள் அவர் ராஜா.

ரோஸ்வித்தா விடியற்காலையில், எல்லோரும் தூங்கும்போது, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்ட்முட் அடுப்பில் தொத்திறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார். இந்த வீட்டின் எத்தனையோ அலறல்களை அவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தொத்திறைச்சியைத்தான் திருப்பினார். இப்போதும் தலை நிமிராமலேயே, "இங்கோல்ஃப், நேரமாச்சுப்பா. ஜனங்க காத்துட்டு நிக்கிறாங்க" என்றார்.

இங்கோல்ஃப் எழுந்தார். ரத்தத்தைப் புல்லில் துப்பினார். "வர்றேன். நான் திரும்பி வந்ததும் உனக்கு இருக்குடா. உன்னைப் பெத்தவளுக்கும் இருக்கு. இன்னிக்கு ராத்திரி கேரவனைப் பூட்டிட்டுத்தான் பேச்சு."

அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்பா, உடம்பு கொதிக்குது. கொஞ்சம் ஆறட்டும். நெஞ்சுல நாலு கை தண்ணியாவது தெளிச்சுக்கிட்டு இறங்குங்க" என்றாள் வீப்கே.

"எனக்குச் சொல்லித்தர்றியா நீ? உன்னையே அந்த மரப்பாலத்துலேருந்து தூக்கிப் போட்டு நீச்சல் கத்துக்குடுத்தவன்டி நான்!"

உண்மைதான். அவளைத் தூக்கித்தான் போட்டார். கெர்னோட்டுக்குக் கற்றுக்கொடுத்தபோது, அவன் மேலே வரவர, தலையில் காலை வைத்து அழுத்தினார். ஆண் பிள்ளைக்கு அதுதான் முறையாம். கரையில் இருந்தவர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள்.

ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தின் நுனியிலிருந்து குதித்து, கிழவர் தண்ணீரை உதைத்துப் பிளந்துகொண்டு போனார். கரையில் கூட்டம் தோளில் துண்டும் கையில் சின்னக் குவளையில் தானியச் சாராயமுமாக நின்றது. கைவீச்சு பெரிதாகத்தான் இருந்தது. கோபத்தில் நீந்துகிறார் என்று வீப்கே நினைத்தாள். போகப்போக வீச்சு சுருங்கியது. மிதவைக்குச் சற்று முன்னால் நின்றே போனது. அங்கிருந்து ஒரு கை மேலே வந்தது.

அந்தக் கைக்கும் மிதவைக்கும் நடுவே ஒரு படகு போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. விரல்கள் விரிந்தன, மடங்கின, மறுபடி விரிந்தன. கூட்டம் ஒரு நிமிடம் தயங்கியது. தொட்டாரா, தொடவில்லையா?

"தொட்டுட்டாரு!" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அம்மாவின் குரல். அந்தக் குரல் அத்தனை தூரம் போகும் என்று வீப்கேவுக்கே அன்றுதான் தெரிந்தது. "கை தூக்கிட்டாரு! பார்த்துட்டே நிக்கிறீங்களே, இறங்குங்க!"

அவ்வளவுதான். கரை உடைந்ததுபோல் கூட்டம் தண்ணீரில் விழுந்தது. கூச்சலும் சிரிப்பும் நுரையுமாக எதிரே ஒன்றும் தெரியவில்லை. வீப்கே கத்துவதற்காக வாயைத் திறந்தாள். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. வீப்கே வாயை மூடிக்கொண்டாள்.

பாலத்தின் ஓரத்தில் தனியாகக் குந்தி, முஷ்டியில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கெர்னோட் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"டேய்! அவரு முழுகுறாருடா!"

பூட்ஸ் காலோடு பாய்ந்தான். குறுக்கே வந்தவர்களை முழங்கையால் இடித்து, ஒருவனை முகத்தில் உதைத்து, வழி பண்ணிக்கொண்டு போனான். மூழ்கினான், வந்தான், மறுபடி மூழ்கினான். கடைசியில் அப்பாவைத் தலைமுடியைப் பற்றித்தான் இழுத்துவந்தான்.

கரையில் போட்டு நெஞ்சில் ஏறி அழுத்தினான். விலா எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நிர்வாணமாக, நடுங்கிக்கொண்டு, கூட்டம் சுற்றி நின்றது.

"எழுந்திரு! எழுந்திருய்யா! எழுந்து என்னை அடி! ராத்திரிக்கு இருக்குன்னு சொன்னியே, அடி!"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து. ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் அவனைப் பிடித்து விலக்கியபோது அவரையும் தள்ளிவிட்டான். அவனைக் கீழே அமுக்கிப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பளபளக்கும் தாளை இங்கோல்ஃபின் முகம்வரை இழுத்து மூடினார். சூடான உடம்பு, சில்லென்ற தண்ணீர், வயதான இதயம், நின்றுவிட்டது என்றார்.

கெர்னோட் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கேரவனின் முன்கூடாரத்தில் மடக்கு நாற்காலியில், கம்பளிக்குள் பல் கிட்டித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறந்தவர் உதட்டில் காயம் இருக்கிறது, நகரத்திலிருந்து அதிகாரி வந்து விசாரிக்கும்வரை எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரப் பெண் வெளியே நின்றாள். அந்தப் பக்கம் தொத்திறைச்சியை வீணாக்க மனமில்லாதவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

"என் குத்துலதான் தலை சுத்தியிருக்கும். நான்தான் கொன்னேன்" என்றான் கெர்னோட். "அந்த அதிகாரி வரட்டும். அப்படியேதான் சொல்லப் போறேன்."

"வாயை மூடுறா. டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"டாக்டருக்கு என்னக்கா தெரியும்? நான் குத்தினதை அவரு பார்த்தாரா?"

வீப்கே தம்பியின் கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். சொல்லிவிடுவான். சொல்வதோடு நிற்காது, சாகிறவரை அதை நம்புவான். இந்த வீட்டில் விழுந்த அடியில் பாதிக்குமேல் வாங்கியவன், இதையும் வாங்கிக்கொள்வானா? அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள். வீப்கே அம்மாவைப் பார்த்தாள். ரோஸ்வித்தா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் வீப்கே.

நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"உன் அடியினால இல்லடா" என்றாள் ரோஸ்வித்தா. "அவரு மிதவையைத் தொடவே இல்ல. கூப்பிட்டாரு."

"யாரை?"

"என்னைத்தான். என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டினாரு. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் எல்லாரையும் இறங்கச் சொன்னேன்."

"எனக்கும் தெரிஞ்சுது" என்றாள் வீப்கே. அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

கெர்னோட் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டது. கம்பளி நழுவியது. தாடை முன்னே வந்து, கழுத்து நரம்பு புடைத்து, அச்சு அசல் இங்கோல்ஃபாக அம்மாவின் எதிரே போய் நின்றான். கை முஷ்டி பிடித்து உயர்ந்தது. வீப்கேவால் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை.

ரோஸ்வித்தா பின்வாங்கவில்லை. எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். நிதானமாக மடித்து மேசையின் தள்ளிய ஓரத்தில், உடையாத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினாள்.

கெர்னோட் அந்தக் கண்ணாடியையே பார்த்தான்.

"எடுத்துப் போட்டுக்கோம்மா" என்றான்.

அவள் அசையவில்லை.

"போட்டுக்கோம்மா... ப்ளீஸ்."

வெளியே சரளைக்கல்லில் கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. ரோஸ்வித்தா இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள்.