காற்றாடிக்கு ஒரு ஜன்னல்

கம்ப்யூட்டர் பெட்டிக்கு எதற்கு ஜன்னல் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரத் தம்பிக்குக் காது கேட்காது. போட்டோ ஆல்பம் வடிவமைக்கிற பிழைப்பு. போன மாதம் பெட்டிக்குள் சூட்டைத் தணிக்கிற காற்றாடி நின்றுபோனது. நிற்பதற்கு முன்னால் கரகரவென்று கத்தியிருக்கும். நம்மைப் போன்றவர்கள் என்றால் எழுந்து அணைத்திருப்போம். அவன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே கருகிவிட்டது. எல்லாம் மாற்றிப் போடுவதற்குள் ஆல்பம் தாமதமாகிப்போனது. இன்னொரு தரம் ஆல்பம் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டார். காற்றாடி ஓடுகிறதா என்று இனி கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அவனுடைய அக்காள் புருஷன் கிரில் பட்டறை வைத்திருக்கிறார்.

"ஜன்னல்தானே மாப்ள? ஊரு முழுக்க அதைத்தானே மாட்டிட்டுத் திரியறேன்," என்று வாயாலும் கையாலும் சொன்னார். அந்த வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பேச்சும் உண்டு.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, திறந்த பக்கத்தில் காகிதத்தை விரித்துக் காற்றாடிக்கு நேராக வட்டம் போட்டார்கள். பெயின்டில் கீறல் விழக் கூடாதென்று தகட்டைப் போர்வைமேல் குப்புறப் போட்டு, உள்பக்கத்தில் காகிதத்தை ஒட்டினார் பட்டறைக்காரர். கிரைண்டர் அலறியது. ஓரத்துக்கு அரம் போட்டு, கை கிழிக்காமல் ரப்பர் பட்டையும் சுற்றித் தகட்டை மாட்டினால், ஓட்டைக்குள் ஒரு கட்டு ஒயரும் வெறும் தகரமும்தான் தெரிந்தன. காற்றாடி மறுகோடியில் இருந்தது.

"நகந்துடுச்சா?" என்று பட்டறைக்காரர் பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

அக்காள் எட்டிப் பார்த்தாள். "தகட்டைக் குப்புறப் போட்டீங்கல்ல. இடது வலது மாறிப்போச்சு. சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுகிட்டுப் பையைத் தேடற கதைதான்."

அவர் தலையைச் சொறிந்துவிட்டு, இந்தத் தடவை தகட்டை நிமிர்த்திப் போட்டார். அதற்குள் தம்பியும் யோசித்திருந்தான். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் காகிதத்தைத் திருப்பிப்போட்டு ஒட்டிவிட்டான். இரண்டு பேரும் திருத்தியதில், வட்டம் சரியாகப் பழைய ஓட்டையின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

"இது எங்க சுத்தினாலும் இங்கயே வருதே," என்றார் அவர்.

'நான்தான் திருப்பினேன்,' என்றது தம்பியின் கை.

"நானும் திருப்பினேன்டா."

'அப்படின்னா சரியாத்தானே வரணும்?'

இருவரும் காகிதத்தை மாற்றி மாற்றித் திருப்பினார்கள். எது வெளிப்பக்கம் என்பதே தெரியாமல் போய்விட்டது. ஸ்டூடியோவுக்கு நாளைக்கு ஆல்பம் போயாக வேண்டும், தகடோ ஒன்றுதான்.

"தள்ளுங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்காள். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தகட்டை மறுபடி பெட்டியில் மாட்டினாள். தப்பான ஓட்டை வழியாக ஒல்லிக் கையை உள்ளே விட்டாள். விரல் காற்றாடியைத் தொட்டதும் அதற்கு நேராகத் தகட்டை உள்ளிருந்து தட்டினாள்.

தம்பி வெளியே உள்ளங்கையை வைத்திருந்தான். அதிர்வு வந்த இடத்தில் கை நின்றது. அங்கேயே பென்சிலால் சுற்றிவிட்டான். யாரும் காகிதத்தைத் தேடவில்லை.

அந்த வட்டத்தில் இரண்டாவது ஜன்னலை வெட்டி, கண்ணாடித் தகடு ஒட்டி சுவிட்சைப் போட்டார்கள். தம்பி குனிந்து பார்த்தான்.

'ஓடல.'

"ஓடுதே, சத்தம் கேக்குதே," என்றாள் அக்காள்.

'இறக்கை எங்க? ஒண்ணையும் காணோம்.'

பட்டறைக்காரர் சுவிட்சை அணைத்தார். புகைமாதிரி இருந்த இடத்தில் இறக்கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நின்றன. மறுபடி போட்டதும் மறைந்தன.

தம்பி வெகுநேரம் அதையே பார்த்தான். 'அப்போ தெரிஞ்சா ஆபத்து, தெரியலன்னா நல்லதா?'

"அப்படித்தான் இருக்கு மாப்ள. இதுக்குப் போயி ஜன்னல் வெச்சிருக்கோம்."

அவனுக்கு அது பிடிபட்ட மாதிரியும் இருந்தது, பிடிபடாத மாதிரியும் இருந்தது. நாற்காலியை இழுத்து, கடைக்கண்ணில் ஜன்னல் விழுகிற மாதிரி போட்டுக்கொண்டு ஆல்பத்தைத் திறந்தான். ஒரு படத்தை ஒட்டுவான், திரும்பிப் பார்ப்பான். இறக்கை ஒன்றும் கண்ணில் படாது. நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போவான்.