பெட்ரோல் மூடியின் பூட்டு

ஜாக்கி வைத்துத் தூக்கிய காரின் பின்சக்கரத்தை மெக்கானிக் கையால் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்று கூடப் போகாமல் முக்கி முனகி நின்றுவிட்டது. உள்ளே கை வைத்துப் பார்த்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கொதிக்குது சார். ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ள துருப்பிடிச்சு சிக்கியிருக்கு. லிவரை இறக்கினாலும் பிரேக் முழுசா விடல. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஓட்டற மாதிரிதான். பெட்ரோல் குடிக்காம என்ன பண்ணும்? யாரு சார் இதை இப்படி அழுத்தி இழுக்கறது?"

வேறு யார்? காரைக் கொண்டுவந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரேதான். ஒருமுறை கார் தானாக உருண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவரில் முட்டியதிலிருந்து, சமதரையில் நிறுத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு லிவரை இழுத்துவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "விடுண்ணா, அது எங்க ஓடிப்போயிடப் போகுது?" என்று தம்பி சிரிப்பான். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்பிய மனிதருக்குத் தன் கை செய்கிற வேலை கண்ணில் படவில்லை.

அந்தத் தம்பி இப்போது இந்தக் காரில் ஏறுவதில்லை.

அப்பா விட்டுப்போன கார். பகலில் அண்ணனுக்கு, சாயங்காலம் தம்பிக்கு. தம்பி வீடுவீடாகப் போய், விழுந்து எழுந்தவர்களுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும் கைகால் பயிற்சி கொடுக்கிறவன். மைலேஜ் குறையத் தொடங்கியதும் இதே மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார், டயர்களில் காற்றுப் பார்த்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில், "டேங்க்ல இருந்து யாராவது உறிஞ்சி எடுக்கறாங்களான்னு பாருங்க சார்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே பெட்ரோல் மூடிக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி இவரிடம் மட்டும்.

"எதுக்குண்ணா பூட்டு?" என்றான் தம்பி அன்று சாயங்காலம்.

"பெட்ரோல் எங்க போகுதுன்னே தெரியல. அதான்."

தெருவில் எவனோ திருடுகிறான் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பி கார் சாவியை மேஜைமேல் வைத்தான். "எனக்கு பஸ்ஸே சௌகரியம்ணா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"தப்பு பண்ணாதவன் ஏன் கோவிச்சுக்கணும்?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். தம்பி போன பிறகும் பெட்ரோல் முள் அதே வேகத்தில்தான் இறங்கியது. தம்பி எடுக்கவில்லை என்று அப்போதே புரிந்தது. புரிந்தும், வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை.

மெக்கானிக் கேபிளை விடுவித்து எண்ணெய் விட்டார். "புது கேபிள் வர்ற வரைக்கும் ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீங்க. கியர்ல நிறுத்தி, டயருக்கு ஒரு கல்லு வைங்க."

கார் இப்போது சொன்ன பேச்சு கேட்டது. இத்தனை நாள் இது எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறது என்று நினைத்தபடியே தம்பி குடியிருக்கும் தெருவுக்குத் திருப்பினார். தெரு நல்ல இறக்கம். மாடிப்படியில் பையோடு இறங்கி வந்த தம்பி இளைத்திருந்தான்.

"வாங்க" என்றான், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

"பிரேக்தான்டா. நான் இழுத்து இழுத்து..." வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு அதற்குமேல் வரவில்லை. கார் சாவியை நீட்டினார். "என் மேலதான் தப்பு. இந்தா, வச்சுக்கோ."

தம்பி சாவியை வாங்கவில்லை. காரைப் பார்த்தான். "இறக்கத்துல நிறுத்தியிருக்கீங்க. ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?"

"போடக்கூடாதாம். கல்லு வைக்கணும்னாரு. மறந்துட்டேன்."

தம்பி பையைக் கீழே வைத்தான். சுவரோரம் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துவந்து, பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயருக்கடியில் இறுக்கி வைத்தான். அவன் முகத்துக்கு நேராகப் பெட்ரோல் மூடி. அதில் அந்தப் பூட்டு. கழற்ற வேண்டும் என்ற நினைப்பே அண்ணனுக்கு வரவில்லை. சட்டைப் பையையும் பேன்ட் பையையும் தடவிப் பார்த்தார். சின்னச் சாவி வீட்டில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி எழுந்திருக்கக் காரின்மேல் கையை ஊன்றினான், பூட்டில் விரல் படாமல் கொஞ்சம் தள்ளி.