கூட உட்கார்ந்தவர்

"தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்த்துங்க. இல்ல இல்ல, உங்க பக்கம்," என்றார் வண்டி ஓட்டுநர்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்து நின்றது. இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும். அவள் பின்னால் கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆளைப் படுக்க வைத்து ஏற்றும் நீளம் அதற்கு இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் அவள் கணவர் ஒருமுறை சொல்லியிருந்தார்: "கட்டடம் கட்டறவன் எவனும் சாவைக் கணக்குல சேர்க்கறதில்ல. எல்லாரும் நின்னுக்கிட்டேதான் இறங்குவாங்கன்னு நினைப்பு." அன்றைக்கு அவள் சிரித்தாள். இப்போது அது ஒரு தகவலாக மட்டும் நினைவுக்கு வந்தது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த கணவர்மேல் போர்த்தியிருந்த துணி அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியினுடையது. ஓரத்தில் நீல நூல் அடையாளம் இருந்தது. அவள் பிரிவில் தேய்த்து மடித்ததுதான். யார் மடித்தது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. மூலையோடு மூலை சேர்க்காமல் மடிப்பவள் அங்கே ஒருத்திதான்.

நேற்று முற்பகல் அவள் நீராவி இஸ்திரியின் முன் நின்றிருந்தபோது சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டார். "மேல எமர்ஜென்சிக்குப் போம்மா. உன் வீட்டுக்காரர்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். செய்ய எதுவும் மிச்சமிருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகையில் விழுந்து கிடந்தாராம்.

கூடத்தில் சோபாவை நகர்த்தி இடம் செய்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து பார்த்து, சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். மகள் மைனா ஜன்னலுக்குக் கீழே தரையில் இருந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியை உருட்டுவதும் அது விழும்வரை பார்ப்பதுமாக இருந்தாள்.

மைனாவுக்கு எட்டு வயது. பள்ளியில் வேறு பெயர் உண்டு, வருகைப்பதிவில் பதினைந்தாம் எண். மைனா என்பது அப்பா வைத்தது. கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியே பதிலாக வரும்.

"நல்ல மனுஷன். ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்ல," என்று எதிர்வீட்டு அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்ல," என்றாள் மைனா. மூக்குறிஞ்சலும் சேர்ந்தே வந்தது. யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"பாவம், இதுக்கு என்ன தெரியும்," என்றாள் இன்னொருத்தி.

"பாவம், இதுக்கு என்ன தெரியும்," என்று மைனா அவளைப் பார்த்தே சொன்னாள். அந்தப் பெண் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மைனாவின் அம்மா சமையலறைக்குப் போய் டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். கழுவி வைத்திருந்ததையும் மறுபடி கழுவினாள். கொழுந்தன் பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்து வைத்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் க்ளாஸ்லதானே உட்காரணும்? சைக்கிள் கொட்டகையில அவருக்கு என்ன வேலை?"

"தெரியல."

"சிகரெட் எதாவது..."

"அதை விட்டு ரொம்ப காலமாச்சு."

அவளும் நேற்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசனை என்றும் சொல்ல முடியாது. பல்லில் சிக்கியதை நாக்கு தேடிப் போவதுபோல மனம் திரும்பத் திரும்ப அங்கே போய் வந்தது.

மூன்று பள்ளிகள் மைனாவைச் சேர்க்க மாட்டோம் என்றன. நான்காவதில் தலைமையாசிரியை ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். வீட்டு ஆள் ஒருவர் வகுப்பில் கூடவே உட்கார வேண்டும், எல்லா நாளும், மணி அடிக்கும்வரை. அவள் வேலையில் குடும்பத்துக்கே வைத்தியச் சலுகை இருந்தது. அதனால் அவர் வேலையை விட்டார். நாற்பத்தொரு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். "பெஞ்சுக்குள்ள கால் நுழையல. பக்கவாட்டுல உட்காந்து இடுப்பு ஒரு பக்கமா போச்சு. மத்தபடி படிப்பு நல்லா வருது," என்பார். இப்போது மைனா மூன்றாம் வகுப்பு. அவரும்தான்.

"அடுத்து என்ன அண்ணி? யார் போய் உட்காருவா? நீங்க வேலையை விட்டா வீடு எப்படி ஓடும்?"

அவள் குழாயைத் திருகினாள்.

"ஒரு இல்லம் இருக்கு. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே. தங்கவே வச்சுக்கறாங்க. என் ஃப்ரெண்டோட அக்கா பையன் அங்கதான் இருக்கான். சனி ஞாயிறு போய்ப் பாத்துக்கலாம். நான் பேசறேன், என்ன?"

"ம்," என்றாள் அவள். அவன் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஃபோனோடு பால்கனிக்குப் போனான்.

அவனைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஈரக் கையோடு நின்றாள். கூப்பிட்டால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தலைமையாசிரியை வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் தம்மை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவரோடு வகுப்பாசிரியையும் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், புடவை ஓரத்தில் சாக்கட்டிப் பொடி ஒட்டியிருந்தது. அவள் நேராகப் போய்க் கிடத்தியிருந்தவரின் கால்மாட்டில் நின்றாள். தலைமையாசிரியை மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பள்ளிக்கூடத்துல இப்படி ஆனது... என்ன சொல்றதுன்னு தெரியல."

"ம்."

"பாப்பா கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும். அவசரமே இல்ல. அப்புறம் வீட்ல இருந்து யார் வருவாங்கன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. தனியா விட்டா எங்களால பொறுப்பு எடுத்துக்க முடியாதும்மா. மத்த பிள்ளைங்களும் இருக்காங்க, உங்களுக்கே தெரியும்."

கொழுந்தன் பால்கனியிலிருந்து உள்ளே வந்தான். "அதுக்கு அவசியம் இருக்காது மேடம். வேற இடம் பேசியாச்சு. வர்ற வாரமே சேர்த்துக்கறாங்களாம்."

தலைமையாசிரியையின் தோள் லேசாகத் தளர்ந்ததை அவள் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சுமையைக் கீழே வைத்தவர்களின் தோள் அப்படித்தான் இறங்கும்.

"அதுவும் நல்லதுதான்," என்றார்.

"மேடம்," என்றாள் வகுப்பாசிரியை. அவள் இன்னும் கால்மாட்டில்தான் நின்றிருந்தாள். "அவர் க்ளாஸ்ல இல்ல."

"தெரியும்மா. கொட்டகைக்கு எதுக்கோ இறங்கிப் போயிருக்காரு..."

"நேத்து மட்டும் இல்ல மேடம். இந்த வருஷம் பூரா க்ளாஸ்ல இல்ல."

மைனாவின் மூடி ஒருமுறை சுழன்று தரையில் படிந்தது.

"மூணு வருஷமா நான்தான் இவளுக்கு மிஸ். முதல் வருஷம் பக்கத்துலயே உட்காந்தார். அப்புறம் ஒருநாள் என்கிட்ட வந்து, 'மிஸ், நான் இருந்தா பிள்ளைங்க இவகிட்ட பேச மாட்டேங்கறாங்க'ன்னார். உண்மைதான். அவளுக்கு ரப்பர் வேணுமான்னு அவரைத்தான் கேப்பாங்க. விளையாட வருவாளான்னு அவரைத்தான் கேப்பாங்க. அவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். அப்புறம் கதவுகிட்ட. அப்புறம் வராண்டா. லீவு விட்டுத் திறந்தப்ப கொட்டகைக்குப் போயிட்டார். அங்கிருந்து பாத்தா எங்க ஜன்னல் தெரியும். ஏதாவதுன்னா நான் ஜன்னல்கிட்ட வந்து நிக்கணும், அவர் மேல வந்துடுவார். அதான் பேச்சு."

"நின்னியா?" என்றார் தலைமையாசிரியை. அவர் அவளை ஒருமையில் அழைத்ததை அவரே கவனிக்கவில்லை.

"ஆரம்பத்துல அடிக்கடி. அப்புறம் எப்பவாவது. போன பரீட்சைக்கு அப்புறம் ஒருதடவைகூட இல்ல."

"அவ தேடலையா?" என்று கேட்டது கொழுந்தன்.

"தேடினா. ஒருத்தி அவளைப் பக்கத்துல கூட்டி வச்சுக்கிட்டா. எவளையாவது அதட்டிக்கிட்டே இருக்கற பொண்ணு. இவளையும் அதட்டுவா. இவளும் அதே மாதிரி அவளைத் திருப்பி அதட்டுவா. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் தலைமையாசிரியை.

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா மேடம்?"

தலைமையாசிரியை உதட்டை அழுத்திக்கொண்டு படுத்திருந்தவரைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நேத்து? அவரைத் தூக்கிட்டுப் போனப்ப?"

"கணக்கு பீரியடு. கீழ சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தேன். ஜன்னலைச் சாத்திட்டு..." அவள் குனிந்து அவர் கால்மாட்டுத் துணியைச் சரிசெய்தாள். "கழித்தல் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். நிறுத்தல. அவ மூணு கணக்கு போட்டா. ரெண்டு சரி."

மனைவி தலையை உயர்த்தினாள். "எனக்கும் சொல்லலையே."

வகுப்பாசிரியை அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். "சொல்லச் சொன்னேன். இந்த வருஷம் முழுசா முடியட்டும்னார். இப்ப சொன்னா, இனி இவ தனியா இருந்துடுவான்னு நீங்க நம்பிடுவீங்களாம். நடுவுல மறுபடி உள்ள போய் உட்கார வேண்டி வந்தா, அவர் ஒருத்தர் தாங்கிக்கறது போதும்னார்."

மனைவி தலையசைத்தாள். தினமும் மாலை அவர் கட்டிலில் குப்புறப் படுத்து, "பெஞ்சு கொல்லுது, இடுப்பை மிதி," என்பார். நேற்று முன்தினமும் சொன்னார். அவளும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் அழுத்திவிட்டாள்.

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "அதெல்லாம் சரி. கீழ அவர் இருக்கார்ங்கற தைரியம் டீச்சருக்கு. இனி கீழ யாரு?"

அது நியாயமான கேள்வி. எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள்.

"நான் வேலைக்குப் போகணும்," என்றாள்.

"அதைத்தான் அண்ணி நானும் சொல்றேன். அந்த இல்லம்..."

"வேலைக்குப் போகணும். போற வழியில இவளை ஸ்கூல்ல விடுவேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. பேருந்து நேரத்தைச் சொல்பவள்போல இருந்தது. "தம்பி, அவங்களுக்கு ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க."

அவன் தலைமையாசிரியையைப் பார்த்தான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இந்தப் பருவம் முடியற வரைக்கும் அனுப்புங்க," என்றார் கடைசியில். "அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல." எழுந்தவர் வகுப்பாசிரியையைப் பார்த்து, "நீங்க நாளைக்கு என் ரூமுக்கு வாங்க," என்றார்.

"வரேன் மேடம்."

"நாளைக்கு என் ரூமுக்கு வாங்க," என்றாள் மைனா, அதே கண்டிப்போடு. தலைமையாசிரியை வாசலில் ஒரு கணம் தயங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மதியத்துக்கு மேல் அவரை எடுத்துப்போனார்கள். இறக்குவது ஏற்றுவதைவிடச் சுலபமாக இருந்தது. மைனாவை எதிர்வீட்டில் விடலாம் என்றார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மயானத்தில் மைனா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அப்பா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அங்கிருந்த ஊழியர் "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்றார். திரும்பும் வழியெல்லாம் வண்டிக்குள் அந்தக் குரல்தான்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் சோபாவைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். அவள் மைனாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. மேலே இருந்த சின்னத் திறப்பு வழியாக அது எதிர்ச்சுவரில் சதுரமாக விழுந்தது.

மைனாவைக் குளிப்பாட்டுவது அவர் வேலையாக இருந்தது. வெந்நீர் எவ்வளவு, எந்தப் பக்கம் முதலில் என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றியதும் மைனா பேசத் தொடங்கினாள்.

"ஏய், அது என் ஸ்கேல். குடு." ஒரு சிறுமியின் அதட்டல். "மிஸ், இவன் தள்றான்." மூக்கடைத்த ஒரு பையன். "கோட்டை ஒட்டி எழுதணும். கோட்டுக்கு மேல ஏறக்கூடாது." வகுப்பாசிரியை. பிறகு யாரோ ஒருவனின் குசுகுசுப்பு, அதைக் கேட்ட இரண்டு பேரின் சிரிப்பு, பெஞ்சு இழுபடும் கிறீச்சொலி.

அவள் தலைமுடியில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். இவ்வளவு குரல்களுக்குள் அவர் குரல் எங்காவது வரும் என்று காத்திருந்தாள். ஒரு சொல் போதும். கணக்குப் பாடம் வந்து போனது. யாரோ தண்ணீர் குடிக்கக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்கள். அவர் வரவில்லை. அந்த அறையில் அவர் எங்குமே இல்லை.

"பன்னெண்டு," என்றாள் மைனா, வகுப்பாசிரியையின் வருகைப்பதிவுக் குரலில். "வந்திருக்கேன் மிஸ்." ஒரு பையன். "பதிமூணு." "வந்திருக்கேன் மிஸ்." மூக்கடைத்தவன். "பதினாலு." அதட்டுகிறவள் பதில் சொன்னாள்.

"பதினஞ்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. சொட்டும் தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது.

"வந்திருக்கேன் மிஸ்."

மெல்லிய, சற்றுக் கரகரத்த குரல். யாருடையதும் இல்லை. அவள் அதுவரை கேட்டிராத குரல். சோப்பு நுரையோடு அவள் கை அப்படியே நின்றது.

"பதினாறு," என்றாள் மைனா.

நுரை புருவத்தருகே இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் போகாமல் நெற்றியில் கையை அணைபோல வைத்துக்கொண்டு, அவள் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள்.