இரண்டு வீட்டுக்கும் ஒரே வெளிச்சம்

நகரியில் சிட்டிபாபு வீட்டு ஹாலில் தொங்கிய குடும்பப் படம் ஒன்றுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சில்லாமல் செய்தது. தம்பி ரமணா வீட்டாரைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். பாதிப் பேருக்கு நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இப்போது ரமணா வீட்டு வேண்டுதலுக்காகத் திருப்பதி வந்த இடத்தில் ஒருவழியாகச் சமாதானம் ஆகியிருந்தது. புதுப்படம் எடுக்க வேண்டும், யாரும் யாருக்கும் பின்னால் நிற்கக் கூடாது என்று சிட்டிபாபு சொல்லிவிட்டார். மொத்தக் குடும்பமும் சத்திரத்து மதில் ஓரம் ஒரே வரிசையில் நீண்டு நின்றது. அந்த நீளத்தை ஒரே படத்தில் அடக்க முடியாது. துண்டு துண்டாக ஐந்து படம் எடுத்து ஒட்டத்தான் வேண்டும்.

அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கியவள் மோகனப்ரியா, சிட்டிபாபுவின் மருமகள். சித்தூரில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். தனக்கே கல்யாணம் ஆனதும் கேமரா பீரோவுக்குள் போய்விட்டது.

"நீ சொதப்பினா மறுபடியும் பங்காளிச் சண்டதாம்மா" என்று மாமனார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சண்டை போகட்டும். சொதப்பினால் கேமரா இனி பீரோவை விட்டு வெளியே வராது. மோகனப்ரியாவின் பயமெல்லாம் அதுதான்.

முதல் சுற்று எடுத்து, செல்லில் இறக்கி ஒட்டிப் பார்த்தாள். ரமணாவின் மனைவி கன்னிகா செல்லைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இன்னாம்மா இது? நாங்க அமாவாசையில நின்னுக்கினு இருக்கோம். உங்க வூட்டுக்கு மட்டும் பௌர்ணமியா? அன்னைக்குப் பின்னால தள்னீங்க, இன்னைக்கு இருட்டுல தள்ளிட்டீங்க!"

அவள் சொன்னதில் தப்பில்லை. ரமணா வீட்டார் நின்ற இடது பக்கம் மங்கலாக இருந்தது. ஒவ்வொரு ஒட்டிலும் வெளிச்சம் படி ஏறி, சிட்டிபாபு பக்கம் போனபோது பளிச்சென்று ஆகியிருந்தது.

மோகனப்ரியா வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். ரமணா வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் மொட்டை. சந்தனம் பூசிய தலைகள், வெள்ளை வேட்டிகள், மஞ்சள் சேலைகள். சிட்டிபாபு வீட்டிலோ ஒரே ரகத்தில் எடுத்த அரக்குப் பட்டு. ரமணா பக்கம் வெளிச்சம் அதிகம் என்று கேமரா தானாகக் குறைத்திருக்கிறது. பட்டுப் பக்கம் இருட்டென்று கூட்டியிருக்கிறது.

"ரெண்டு வூட்டையும் கலந்து நிக்க வெச்சிடலாமா?" என்றார் சிட்டிபாபு.

"மனுஷங்கள மாத்த வேணாம் மாமா. கேமராவத்தான் மாத்தணும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் குழப்பம். வெளிச்சத்தை உள்ளே விடும் அப்பர்ச்சரையும் ஷட்டரையும் அவள்தானே கையால் வைத்தாள்? பிறகு எது அசைந்தது? ஐந்து படங்களின் விவரத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எஸ்.ஓ! முதல் படத்தில் நூறு, கடைசியில் நானூறு. மண்டபத்து இருட்டுக்காக எந்தக் கல்யாணத்திலோ தானாக மாறும்படி ஆட்டோவில் விட்டது, அப்படியே கிடந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அதையும் ஒரே எண்ணில் பூட்டினாள். நிறம் மாறாதபடி ஒயிட் பேலன்ஸையும் பூட்டினாள்.

"இன்னொரு தபாவா? இன்னும் ஒண்ணும் துன்னல" என்று முணுமுணுத்துக்கொண்டே கன்னிகா வரிசைக்குப் போனாள். அந்நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. அது விலகும்வரை மோகனப்ரியா ஒருவரையும் அசைய விடவில்லை. ஊரையே அதட்டும் சிட்டிபாபுகூட அவள் சொன்ன இடத்திலேயே நின்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

வெயில் வந்ததும் ரமணா பக்கத்திலிருந்து தொடங்கி நான்கு படம் எடுத்தாள். ஐந்தாவதற்கு ஸ்டாண்டில் இருந்த கேமராவைத் திருப்பியபோதுதான், வரிசையின் கடைசியில் அவள் கணவன் கிஷோர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருப்பதைக் கவனித்தாள். 'வா' என்று தலையை ஆட்டினான்.

தன் பங்கு முடிந்துவிட்ட கன்னிகா இதற்குள் வேவு பார்க்கக் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"சின்னத்தே, இத நீங்க அழுத்துங்க."

"நானா? நான் தொட்டா இருட்டாப் பூடும்டி!"

"போவாது. எல்லாத்தையும் பூட்டிட்டேன். யார் அழுத்தினாலும் ஒண்ணுதான்."

மோகனப்ரியா நடந்துபோய்க் கிஷோர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். கன்னிகா மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

அந்தப் படம் இப்போது இரண்டு வீட்டு ஹாலிலும் தொங்குகிறது. கேமரா பீரோவில் இல்லை. புத்தூர், சத்தியவேடு என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் போய்க்கொண்டிருக்கிறது. கன்னிகா வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் படத்தடிக்கு இழுத்துப்போய்விடுகிறாள்.

"அஞ்சு படத்த ஒட்னது இது. அதுல ஒண்ணு நான் புட்சது. எது, சொல்லு பாக்கலாம்?"

வந்தவர்கள் மூக்கு படத்தில் இடிக்கும்வரை தேடுவார்கள். மோகனப்ரியா அங்கே இருந்தாலும் எதுவென்று காட்டிக்கொடுக்கமாட்டாள். கேமராப் பையைத் தோளில் மாட்டியபடி கர்வமாக நின்று பார்ப்பாள். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.