குழந்தைகளுக்குப் பாதித் தூரம்

அந்த விமான நிலையத்திலிருந்து எந்த விமானமும் கிளம்புவதில்லை. பயணி ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வார். வழியனுப்ப வந்தவர்கள்தான் வேனில் ஏறிக் கிளம்புவார்கள். அவர்கள் வேண்டிய தூரம் போனதும் பயணி இறங்கிக்கொள்ளலாம். போக வேண்டிய ஊர் வந்திருக்கும்.

தென்காசிப் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். அதனால் வழியனுப்பப் பெண்டாட்டி பிள்ளையை யாரும் கூட்டிப் போக மாட்டார்கள். தொலைந்தால் போதும் என்று தோன்றுகிற சொந்தக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கி ஏற்றுவார்கள். வெல்டர் கோமதிநாயகமும் அப்படித்தான் செய்தான். நியூசிலாந்தில் வேலை. பதினோராயிரம் கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரம். அவ்வளவு தூரம் போகத் தெம்பு வேண்டாமா? தங்கை புருஷன் சண்முகவேலையும் இரண்டு பெரியப்பாக்களையும் வேனில் ஏற்றி, புளியோதரை கட்டிக் கொடுத்தான். நன்றாகச் சாப்பிடட்டும், பாவம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தான். வேன் நகர்ந்தது. அதன் பின்கண்ணாடியில் ஒரு சின்னக் கை டாட்டா காட்டியது. அவன் மகள் உலகம்மை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள், சீட்டுக்கு அடியில் ஒளிந்து வந்திருக்கிறாள்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டான்.

“எம்மா, எம்பிள்ள அந்த வேன்ல இருக்கா. நிப்பாட்டச் சொல்லுங்க.”

“வயசு என்ன சார்?”

“ஆறு.”

“அப்ப பாதித் தூரம்தான். கவலப்படாதீங்க, பாதியில எறக்கி விட்டுருவாங்க.”

“பாதியில என்ன இருக்கு?”

“கடல் சார். ஜூஸ் எடுத்துக்கிறீங்களா?”

சண்முகவேலுக்குப் போன் போட்டான்.

“மாப்ள, பிள்ளய எறக்கி விடும்.”

“டிரைவர் நிப்பாட்ட மாட்டேங்கான் மச்சான். ஒம்ம வேல கெட்டுப் போவுமாம்.”

“வேல எக்கேடும் கெட்டுப் போட்டும்வே!”

“இப்பச் சொல்லுதீரு. புளியோதரைல உப்பு கம்மி.”

போன் கட்டாகிவிட்டது.

முன்னாலிருந்த திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. இரண்டாயிரம். நாலாயிரம். வெளியே ஓடுபாதை மெல்ல மெல்ல வேறு ஊராகிக்கொண்டிருந்தது. புல் பார்த்தறியாத பச்சைக்கு மாறியது. ஐயாயிரம் ஆனதும் அவனால் தாங்க முடியவில்லை. பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு இறங்கிக் கவுண்டருக்கு ஓடினான்.

“நான் திரும்பிப் போகணும். இப்பவே.”

“தாராளமா போகலாம். உங்களை வழியனுப்ப யார் வந்திருக்காங்க?” என்றாள் கவுண்டர்க்காரி.

சுற்றிலும் பார்த்தான். அங்கே அவனுக்கு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

“யாருமே இல்லையா? அப்புறம் எப்படிங்க தூரம் ஆகும்?”

போன் அடித்தது.

“அப்பா, பாதி வந்துட்டாம். கதவத் தொறந்துட்டாவ.”

“எறங்காத தாயி! சீட்டக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!”

“எல்லாரும் எறங்குங்காவப்பா. சத்தமா இருக்கு. என்னைய வழியனுப்ப நீ வரலியா?”

கோமதிநாயகம் உடைந்துபோய் அழுதான். “வந்துட்டேன் தாயி. அப்பா வந்துட்டேன்” என்று, அவள் எந்தத் திசையில் இருக்கிறாள் என்று தெரியாமலேயே கையைத் தூக்கி ஆட்டினான்.

கவுண்டர்க்காரி முதல் முறையாகச் சிரித்தாள்.

“வழியனுப்ப வந்தவரா? முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். வேன் வெளிய நிக்குது.”

இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். வேனில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அவன் உட்கார்ந்ததும் மடியில் யாரோ ஒரு பொட்டலத்தை வைத்தார்கள். புளியோதரை. இன்னும் சூடு ஆறவில்லை.