அக்கா, கம்ப்யூட்டரைப் போடாதே

முப்பது பழைய கம்ப்யூட்டர்களில் உள்ளதைத் துடைத்தழிக்கும் உத்தரவைக் காலை எட்டரைக்குக் கொடுத்தேன். இந்த மருத்துவமனையில் மொத்தம் ஆயிரத்து இருநூறு கம்ப்யூட்டர்கள்; அத்தனையையும் நாற்காலியை விட்டு எழாமலே திறப்பேன், பூட்டுவேன், அழிப்பேன். அதனால் எனக்கு ஆயிரங்கண்ணன் என்று பெயர். கண் ஆயிரம் இருந்து என்ன, புத்தி ஒன்றுதானே.

எட்டு ஐம்பதுக்குப் பட்டியலைப் பார்த்தேன். இருபத்தொன்பது முடிந்திருந்தன. ஒன்றின் எதிரே மட்டும் 'காத்திருக்கிறது' என்று இருந்தது. அணைத்து வைத்த கம்ப்யூட்டர். யாராவது அதைப் போட்டால் அடுத்த நிமிடம் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். எண் 217. நான் அடித்திருக்க வேண்டியது 271.

217 என் அக்காவுடையது.

அக்கா இங்கே பேச்சுப் பயிற்சி தருகிறாள். காது கேளாமல் பிறந்த குழந்தைகள் முதன்முதலாகச் சொன்ன சொற்களை ஆறு வருடமாகப் பதிவு செய்து அதில்தான் வைத்திருக்கிறாள். வேறு பிரதி கிடையாது. கிடையாததற்கும் காரணம் நான்தான். போன மாதம் வந்து, பிரதி எடுத்து வைக்கச் சர்வரில் கொஞ்சம் இடம் கேட்டாள். சொந்தக்காரிக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, எல்லார் முன்னாலும் "மேடம், டிக்கெட் போடுங்க, கோரிக்கைய முறைப்படி பதிவு பண்ணுங்க" என்றேன். கூடப் பிறந்தவளை மேடம் என்றேன். அன்றிலிருந்து அவள் டிக்கெட்டும் போடவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

உத்தரவை ரத்து செய்தேன். அந்த ரத்தும் போய் முதல் உத்தரவுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. இணைப்பைத் துண்டிக்க வேண்டியவர்கள் நெட்வொர்க் பிரிவினர். ஒன்பதரைக்கு முன் அங்கே ஈ காக்கை இருக்காது. அக்கா ஒன்பதுக்கு வருவாள். பையைக்கூட இறக்காமல் முதலில் கம்ப்யூட்டரைத்தான் போடுவாள். அவள் கட்டடத்துக்கு ஓடினாலும் கால் மணி நேரம் ஆகும். அவள் அறைப் போன் செத்து இரண்டு வாரம்.

செல்லுக்கு அடித்தேன். கட் செய்தாள். மறுபடி அடித்தேன். மறுபடியும் கட்.

எட்டு ஐம்பத்தாறு. அவள் அறையில் உதவியாளருக்கும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, எட்டு மணிக்கே ஓடத் தொடங்கிவிடும். அதன் திரைக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் எந்த எண்? எண்ணை நம்பிக் கெட்டது போதும் என்று 'அனைத்தும்' என்பதை அழுத்தினேன். 'பேச்சுப் பயிற்சி மேடம் அவர்களுக்கு' என்று தொடங்கி, அழித்தேன். என் அறிவிப்புகளை இதுவரை யார் படித்தார்கள்? வந்த வேகத்தில் மூடிவிடுவார்கள். அதிலும் மேடம் என்றால் அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள்.

'அக்கா, உன் கம்ப்யூட்டரைப் போடாதே. தப்பு என் மேல்தான். தம்பி.'

ஆயிரத்து இருநூறு பேருக்கும் அது போயிற்று. மேசைப் போன் ஓயவில்லை. மருந்துக் கவுண்டர் அம்மா கேட்டார்: "எனக்கும் தம்பி இருக்கான்ப்பா. நான் போடலாமா, வேணாமா?"

"நீங்க போடுங்கம்மா."

அடுத்து மேலதிகாரி. "யாருய்யா அந்த அக்கா?"

"என் அக்கா சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஒன்பது ஐந்து. 'காத்திருக்கிறது.' ஒன்பது பத்து. அந்த ஒரு சொல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இமைத்தால் மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஒன்பது இருபதுக்குக் கதவு திறந்தது. அக்கா. தோளில் பை, கையில் அவள் கம்ப்யூட்டரின் பவர் வயர். பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"விரலு சுவிட்ச் மேல இருந்துச்சு" என்றாள். "என் உதவிக்கு இருக்கற பொண்ணுதான், இது உங்களுக்கான்னு பாருங்கன்னு திரையத் திருப்பிக் காட்டுனா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும்.

அவள் வயரை என் மேசையில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ அக்கான்னு கூப்பிட உனக்கு ஆயிரத்து இருநூறு கம்ப்யூட்டர் வேண்டியிருக்காடா?"