இரண்டு படி

ஏகநாதன் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. அவர் மனைவி பத்மா பேத்தமங்களாவில் ஒரு வளைகாப்புக்குப் போய் மாலையில் திரும்பியபோது இரண்டு இருந்தன. வீடு ஒரு படி கீழே இறங்கியிருந்தது. சுவரில் விரிசல் இல்லை. தவலையில் இருந்த தண்ணீர்கூடச் சிந்தவில்லை. தப்பு பத்மாவுடையது. அன்று அவள் தன் எடையை வைத்துவிட்டுப் போகவில்லை.

ஏகநாதன் பதினேழு வருடம் பட்டாளத்தில் கண்ணிவெடி எடுத்தவர். 'மைன்ல வேலை' என்று அவர் எழுதியதை கோலார் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எல்லோரும் வேறொரு தங்கச் சுரங்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். "அங்க தங்கம் எத்தினி அடியில கீது?" என்று பக்கத்து வீட்டு சரோஜம்மா விசாரித்தாள். ஊர்ச் சுரங்கம் மூடிய பிறகு அவர் பட்டாளத்திலிருந்து திரும்பி, ராபர்ட்சன்பேட்டையில் சுருட்டுக்கடை வைத்தார். அந்த வாரமே ஒரு காலையில், கூடத்தின் நடுவில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். தரைக்கடியில் டிக் என்று ஒரு சத்தம். பத்மாவும் கேட்டாள்.

"இன்னாங்க, சாமி வந்துச்சா?"

"யாரும் வெளிய போவாதீங்க. மிதிச்சாச்சி. எடை இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. எடுத்தா போச்சி."

புதிதாக வந்திறங்கிய சுருட்டுப் பெட்டிகளை எட்டிய தூரத்தில் வைக்கச் சொன்னார். பெட்டிக்கு இரண்டு கிலோ. தன் கையாலேயே முப்பத்துநான்கை அடுக்கி முடித்துத்தான் காலை எடுத்தார். அதுமுதல் வீட்டைவிட்டு வெளியே போகிறவர் தன் எடையைத் தானே வைத்துவிட்டுப் போகவேண்டும். கையால் வைத்தால் எடை, சும்மா கிடந்தால் சாமான். பத்மாவுக்கு இருபத்தேழு பெட்டி. கல்லை வைத்தால் ஆகாதா என்று சரோஜம்மா கேட்டாள். இந்த ஊர்க் கல்லெல்லாம் கீழேயிருந்து வந்தது, அந்தப் பக்கம்தான் பேசும் என்றார் ஏகநாதன்.

"பொண்டாட்டிக்குப் பதிலா சுருட்டு. நல்லா கீது ஞாயம்" என்று பத்மா இரண்டு வருடம் சிரித்தாள். படி போனபிறகு சிரிக்கவில்லை. கோலாரில் ஏதாவது ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது, இருபத்தேழா, இருபத்தாறா என்று சந்தேகம் வந்து உள்ளங்கால் குளிர்ந்துவிடும். பாதியில் திரும்பிவிடுவாள். நகராட்சி ஆள் வந்து அளந்து, படி இரண்டு என்று எழுதிக்கொண்டு போனார். மகள் சுமா கல்யாணமாகி பெங்களூர் போன அன்று இருபத்துநான்கு பெட்டியைத் தன் கட்டிலில் வைத்தாள். பத்மா அவற்றின்மேல் போர்வையைப் போர்த்திவிட்டாள்.

போன ஆடியில், காலை காபி ஆறுவதற்குள் ஏகநாதன் செத்துப்போனார். தூக்க நான்கு பேர் குனிந்தபோது பத்மா கத்தினாள்.

"தூக்காதீங்க! எடையை வெக்கல!"

யாரும் சிரிக்கவில்லை. சரோஜம்மாவின் மகன் நாகேஷ் பெட்டிகளைக் கொண்டுவந்தான்.

"எளச்சிட்டாரே அத்தே, முப்பது போதாதா?"

"எளச்சது அவருடா. அவரு மிதிச்சது எளைக்கல."

செத்தவர் கை கணக்கில் சேருமா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. அவருடைய கையைப் பிடித்து ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளி, முப்பத்துநான்கையும் கூடத்தின் நடுவில் வைத்தாள். கை விறைத்துக்கொண்டு வந்தது.

தூக்கினார்கள். பத்மா அவர்களுக்கு முன்னால் வாசலுக்கு ஓடிக் குனிந்து பார்த்தாள். இரண்டு படிகளும் இருந்தன. இன்னொரு தடவை எண்ணினாள். பிறகுதான் அழுதாள்.